மச்சான் மோதிரத்துக்கு அளவு எடுத்த கதை

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை இல்லை. இதை நான் யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கள் சொந்தக்காரர்கள் எனக்கு முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுவார்கள். புது ஆளிடம் என்னை அறிமுகப்படுத்தும்போதுகூட, "இவன் லோரி ஓட்டுறான், லகாட்ல வீடு, ரெண்டும் பொண்ணு" என்பார்கள். அந்தக் கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் இறங்கும், லோரிக்கு பிரேக் சரியில்லை என்று சொல்வதுபோல.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நானாக நிற்கவில்லை. பள்ளிக்கூடம்தான் என்னைப் பார்த்துப் போதும் என்று முடிவு செய்தது. அதனால் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்தது கிடையாது. இது பெண் பிள்ளைக்கு, அது ஆண் பிள்ளைக்கு என்று உலகம் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறது என்பதே எனக்கு லேட்டாகத்தான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் நானும் எல்லாரையும்போலப் பிரித்துத்தான் வளர்த்திருப்பேன். அறிவு இல்லாததால் என் வாழ்க்கையில் நடந்த சில நல்ல காரியங்களில் இது ஒன்று.

என் மனைவிக்குக் கையுறை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு முடித்துக் காலையில் வந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கைக்குப் போவாள். கல்யாணமான புதிதிலேயே அவள் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டாள். "யாரு கை சும்மா இருக்கோ, அந்தக் கை செய்யட்டும்." அவ்வளவுதான் சட்டம். ஆண் கை, பெண் கை என்ற பேச்சே அதில் வராது. பார்த்தால் எங்கள் வீட்டில் பெரும்பாலும் சும்மா இருந்தது என் கைதான். அப்படித்தான் நான் சோறு வடிக்கவும், சட்டி தேய்க்கவும், பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போடவும் பழகினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்.

"என்னாண்ணே, இன்னிக்கும் உங்களுக்குச் சமையல் கெர்ஜாவா?"

"ஆமா லா. நாளைக்கு இதே வேலைக்கு ஓவர்டைம் வேற இருக்கு. சட்டி இருந்தா அனுப்புங்க, சேர்த்துத் தேய்க்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போவார். அவர் மனைவி மட்டும் சிரிக்காமல் என் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

தலை பின்னுவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. பெரியவள் முதலாம் ஆண்டு போன புதிதில், ஒரு நாள் மனைவி இரவு ஷிப்ட் முடிந்து திரும்புவதற்குள் பள்ளிக்கூட வேன் வந்துவிடும்போல இருந்தது. நானே பின்னினேன். மூன்று பிரி போட்டுக் கயிறு முறுக்கத் தெரிந்தவனுக்கு இதென்ன பெரிய வேலை? பின்னல் நன்றாகத்தான் வந்தது. ரிப்பன் கட்டும்போதுதான் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. லோரியில் கித்தான் போட்டு இழுத்துக் கட்டும் முடிச்சை அப்படியே போட்டுவிட்டேன். மணல் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினாலும் அவிழாத முடிச்சு. சாயங்காலம் பிள்ளையின் தலையை மடியில் வைத்து மனைவி கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினாள். மறுநாளே, உட்கார வைத்து எனக்குப் பூ முடிச்சு சொல்லிக் கொடுத்தாள்.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. இருவரும் என்னோடு லோரியில்தான் வருவார்கள். ஒரே லோரி, ஒரே அப்பன், ஒரே தூசி. ஆனாலும் இருவரும் இரண்டு விதமாக வந்தார்கள். பெரியவளுக்கு ஆசையெல்லாம் நகப்பூச்சு, வளையல், கண்ணாடி. சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கைக்குச் சிவப்பும் இன்னொரு கைக்கு நீலமும் பூசுவாள். சின்னவள் சீட்டில் இருக்கவே மாட்டாள். வண்டி நின்றால் வண்டிக்கு அடியில் இருப்பாள். பாசார் மாலாம் என்ற ராத்திரிச் சந்தைக்குப் பொம்மை வாங்கக் கூட்டிப் போனால் பெரியவள் பொம்மை எடுப்பாள், சின்னவள் பக்கத்துக் கடையில் டார்ச்லைட் எடுப்பாள். நான் எதையும் தடுக்கவில்லை. இரண்டும் ஒரே விலைதான்.

இன்றைக்குப் பெரியவள் நில அளவை செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தொப்பியும் பூட்ஸும் போட்டு, மூன்று கால் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போவாள். நகப்பூச்சும் கூடவே போகும். "வெயில்ல யாரு பாக்கப் போறா?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் பாப்பேன்பா" என்றாள்.

சின்னவளுக்குப் பதினாறு வயது. படிப்பு சுமார். ஆனால் டயர் மாற்றுவதில் என்னைவிட வேகம். என்னைவிட வேகம் என்பது பெரிய புகழ்ச்சி இல்லை, எங்கள் தெருப் பூனைகூட என்னைவிட வேகம்தான். ஆனாலும் வேகம்.

பெரியவளுக்குப் போன வருடம் மாப்பிள்ளை அமைந்தது. அவளே அமைத்துக்கொண்டாள், நாங்கள் தலையாட்டினோம். பையன் பாகான் செராய். ஈப்போவில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.

"ஆம்பளப் புள்ள மிஸ்ஸி வேலையா?" என்று என் அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா. ஊசி போட்டா வலிக்காதாம்."

"உனக்கு எல்லாமே விளையாட்டுடா."

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு அக்கா. இவள் பெரியக்கா, சின்னக்கா கிள்ளானில் இருக்கிறாள். பெரியக்கா சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து வீட்டிலேயே இன்னும் இருக்கிறாள். ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அக்கா மட்டும் நகரவில்லை. பல வருடம் பால்மரம் சீவிய கை. குரலும் அப்படித்தான், ஒரு மர நிரையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவளுக்கு ஒரே மகன், ரொம்ப வருடம் கழித்துப் பிறந்தவன். தஞ்சோங் மாலிமில் கார் ஃபேக்டரியில் வேலை. பெண்கள் பக்கத்தில் வந்தாலே காது சிவந்துவிடும் பையன்.

எங்கள் கல்யாணங்களில் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை மண்டபத்து வாசலுக்கு வந்ததும், பெண்ணின் அண்ணனோ தம்பியோ செம்பில் தண்ணீர் எடுத்து அவர் காலைக் கழுவ வேண்டும். சந்தனம் பூசி, மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு தங்க மோதிரம் போடுவார். அதுதான் மச்சான் மோதிரம். பையன் இல்லாத வீடென்றால், சொந்தத்தில் ஒரு பையனை அன்றைக்கு மட்டும் கூட்டிவந்து மச்சானாக நிறுத்துவார்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்றே அக்கா போன் செய்தாள்.

"தம்பி, மச்சான் நிக்க ஆள் இல்லன்னு நீ கவலப்படாத. என் மவன் இருக்கான்."

"சரிக்கா."

அன்று சாயங்காலம் லோரிக்கு அடியில் நானும் சின்னவளும் படுத்துக்கொண்டு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தோம். அவள் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அப்பா, அக்கா கல்யாணத்துல கால் கழுவுறது நான்தான்."

"சரிம்மா."

"நெசமா சொல்றீங்களா?"

"நெசமாத்தான் லா."

என் வாய் அப்படி. யார் எது கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிடும், அப்புறம்தான் மூளைக்குச் செய்தி போகும். மூளைக்குச் செய்தி போனபோது மணி எட்டாகிவிட்டது, நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "எனக்குச் சின்னவ நிக்கறதுதான் புடிக்கும்" என்றாள். "ஆனா உங்க அக்காகிட்ட நான் பேச மாட்டேன். சரின்னு சொன்ன வாய்தான் அதையும் பேசணும்."

அந்த வாய் பேசவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கூப்பிடும்போதெல்லாம் வாழைமரம், பந்தல், லட்டு என்று எதையாவது பேசிப் போனை வைத்துவிடுவேன். என் திட்டம் என்னவென்றால், கல்யாணத்தன்று வாசலில் எப்படியாவது ஒரு குழப்பம் நடக்கும், அந்தக் குழப்பத்தில் சின்னவள் செம்பைத் தூக்கிவிடுவாள், நான் கழிவறையில் இருப்பேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம் சம்பந்தியம்மா போன் செய்தார். மாப்பிள்ளையின் அம்மா.

"அண்ணே, மச்சான் மோதிரத்துக்கு அளவு வேணும். நகக் கடையில இன்னிக்குச் சொன்னாத்தான் முடிச்சுக் குடுப்பாங்களாம். பழைய மோதிரம் எதுவும் இருந்தா பொண்ணுகிட்ட குடுத்து விடுங்க. சாயங்காலம் என் மவன் டவுன்ல அவளப் பாக்கறானாமே."

"சரிம்மா" என்றேன். யார் மச்சான் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சின்னவளிடம் மோதிரம் கிடையாது. வண்டி வேலை பார்க்கும் கையில் மோதிரம் மாட்டினால் விரலே போய்விடும் என்று நான்தான் போடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அளவுக்கு என்ன செய்வது? நூலால் அளக்கலாம், காகிதத்தைச் சுற்றி அளக்கலாம். அறிவுள்ளவன் அப்படிச் செய்வான். நான் ஸ்பெனர் பெட்டியைத் திறந்தேன். முப்பதாம் நம்பர் ஸ்பெனர் பிடிக்கும் நட்டு ஒன்று கிடந்தது. பார்த்தால் மோதிரம்போலவே இருந்தது.

"இத மாட்டிப் பாரு. சரியா இருந்தா இதையே குடுத்து விட்டுடலாம். நகக் கடைக்காரன் புரிஞ்சிக்குவான்."

"நல்ல ஐடியாப்பா" என்றாள் சின்னவள். அவள் என் மகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

நட்டு கணுவரை வந்து நின்றது. உள்ளே மறை இருக்கிறதே, திருகினாள். போல்ட்டில் ஏறுவதுபோல அழகாக ஏறிக் கணுவைத் தாண்டி உட்கார்ந்தது. "கரெக்ட் சைஸ்பா" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு கழற்றப் பார்த்தாள். வரவில்லை. எதிர்ப்பக்கம் திருகினாள். வரவில்லை. விரல் வீங்க ஆரம்பித்தது.

சவர்க்காரம் போட்டோம். தேங்காய் எண்ணெய் ஊற்றினோம். கிரீஸ் தடவினோம். சமையலறைத் தரையில் எல்லாம் வழுக்கியது, நட்டு மட்டும் வழுக்கவில்லை. பெரியவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள். நான் ஸ்பெனரை எடுத்துக்கொண்டு வந்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஸ்பெனரே சூடாகிவிட்டது.

"அத கீழ வைங்க."

"நட்டுதானே, மெதுவா..."

"அது உங்க லோரி இல்ல. கீழ வைங்க."

அந்த நேரத்தில்தான் வாசலில் குரல் கேட்டது. "யாரு வீட்ல? முறுக்குக்கு மாவு கொண்டாந்திருக்கேன், வந்து வாங்குங்க."

பெரியக்கா. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். பையை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து நின்றாள். ஒரு பேசினில் எண்ணெய், அதில் சின்னவள் கை, கையில் லோரி நட்டு, பக்கத்தில் ஸ்பெனரோடு நான்.

"என்னாடா பண்றீங்க?"

நான் சிரித்தேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். "ஒண்ணும் இல்லக்கா, மோதிரத்துக்கு அளவு பாத்தோம்."

"எந்த மோதிரத்துக்கு?"

சின்னவள்தான் சொன்னாள். "மச்சான் மோதிரத்துக்கு அத்தை."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேசினைப் பார்த்தேன்.

"அப்ப என் மவன் என்னாடா? அவனுக்கு நான் ஜிப்பா தைக்கக் குடுத்துட்டேன்."

"அக்கா, அது வந்து..."

"நீ பேசாத. நீ சரின்னு சொன்னா அது சரியே இல்ல, அது எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும்." தரையில் உட்கார்ந்து சின்னவளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். "நூல் கொண்டா. கெட்டி நூலா கொண்டா. இந்த மாதிரி மாட்டுன மோதிரத்த எல்லாம் எங்க தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் நூல் சுத்தித்தான் கழட்டுவாரு. பொறந்த வீட்டு மானமே இந்த நட்டுல வந்து மாட்டிக்கிச்சி."

மனைவி நூலைக் கொடுத்தாள். அக்கா நூலின் ஒரு நுனியை நட்டுக்கு அடியில் நுழைத்து, மிச்ச நூலை நட்டை ஒட்டி நெருக்கமாகச் சுற்றத் தொடங்கினாள். சுற்றிக்கொண்டே திட்டினாள். கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை. மரம் சீவும் காலத்திலிருந்தே அவளுக்கு அது பழக்கம்.

"பொட்டப் புள்ள கால் கழுவுனா ஊரு என்ன சொல்லும்? பையன் இல்லாத வீடுன்னு ஏற்கெனவே பேசறாங்க."

"அதுக்குத்தான் அத்தை கேக்கறேன்" என்றாள் சின்னவள். வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "நம்ம வீட்ல ஆள் இல்லன்னுதானே வெளியிலேர்ந்து கொண்டாறீங்க. நான் இருக்கேன்ல. அக்காவுக்குக் காய்ச்ச வந்தா நான் பாக்கறேன், அப்பாவுக்கு டயர் போனா நான் போறேன். கல்யாணத்தன்னிக்கு மட்டும் நான் ஆள் இல்லையா?"

பெரியவள் ஐஸ் துணியைப் பிடித்துக்கொண்டு தங்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் அவதான் வேணும் அத்தை" என்றாள். "வேற யாரும் நின்னா எனக்கு வாசல் பக்கம் பாக்கவே தோணாது."

"ரெண்டும் பேசிக்கிட்டு வந்திருக்கு." அக்கா நூலை இன்னும் இறுக்கினாள். சின்னவள் உதட்டைக் கடித்தாள். "இதெல்லாம் முறைடி. நாமளா வச்சது இல்ல. என் கல்யாணத்துலயும் உங்கப்பன்தான் மச்சான். மூணு வயசு. அப்பக்கூட அவனைத்தான் நிறுத்துனாங்க."

"மூணு வயசுல அப்பா எப்படி அத்தை செம்பு தூக்குனாரு?"

"அவன் எங்க தூக்குனான்? மூக்க ஒழுகிக்கிட்டு அழுதுகிட்டு இருந்தான். உங்க சின்ன அத்தைதான் அவனை இடுப்புல வச்சிக்கிட்டு, செம்பத் தூக்கித் தண்ணி ஊத்துனா. சந்தனம்கூட அவதான் பூசுனா. இவன் கைய மட்டும் புடிச்சிச் செம்பத் தொட வச்சாங்க."

"அப்ப மோதிரம் யாருக்கு?"

அக்காவின் கை நின்றது.

"உங்கப்பனுக்கு."

எனக்கே இது புதிய செய்தி. ஐம்பது வருடமாக அந்தக் கால் கழுவல் என் பெயரில்தான் இருந்தது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அத்தான் என்னைக் காட்டி, "என் காலக் கழுவுன மச்சான்" என்று பெருமையாகச் சொல்வார், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

அக்கா என்ன நினைத்தாளோ, மனைவியின் போனை வாங்கிக் கிள்ளானுக்குப் போடச் சொன்னாள். சின்னக்கா எடுத்தாள்.

"ஏய், என் கல்யாணத்துல நீதானே தண்ணி ஊத்துன?"

"என்னாக்கா திடீர்னு? ஆமா, நான்தான். இந்த எருமையத் தூக்கிக்கிட்டு நின்னு இடுப்பே போயிருச்சி."

"அதுக்கு உனக்கு என்ன குடுத்தாங்க?"

சின்னக்கா கொஞ்சம் யோசித்தாள். "வாழப்பழம்" என்றாள். "அதையும் தம்பி புடுங்கித் தின்னுட்டான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று வயதில் தின்ற பழத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? "நல்ல பழம்க்கா" என்றேன்.

பெரியக்கா சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு அடியில் நுழைத்த நூல் நுனியைப் பிடித்து மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்றும் பிரியப் பிரிய நட்டு நகர்ந்தது. கணுவில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு தாண்டி, பேசினில் விழுந்தது. சின்னவள் விரலை ஊதிக்கொண்டாள்.

அக்கா நூலில் எண்ணெயைத் துடைத்தாள். விரலின் அடியில் அதை ஒருமுறை தளர்வாகச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்துப் பெரியவளிடம் கொடுத்தாள்.

"இது அளவு. வீக்கத்துக்குக் கொஞ்சம் விட்டுச் சொல்லச் சொல்லு." பிறகு சின்னவளைப் பார்த்தாள். "தண்ணி ஊத்தும்போது உயரத்துலேர்ந்து ஊத்தக் கூடாது. தெறிச்சி மாப்பிள்ளை வேட்டி நனைஞ்சா சம்பந்திக்காரி நம்மளச் சிரிப்பா."

அவ்வளவுதான். சரி என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தையை எங்கள் குடும்பத்தில் நான் ஒருவனே கெடுத்து வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அவள் மகனுக்கு நான் போன் செய்தேன். "மாப்ள, ஒரு சூசா லா, சிக்கலாயிருச்சி" என்று இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் நீண்ட மூச்சு.

"மாமா, ரொம்ப தேங்க்ஸ். அவ்ளோ பேர் முன்னால ஒருத்தர் கால எப்படிப் புடிக்கறதுன்னு ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. ஜிப்பா மட்டும் நான் போட்டுக்கவா?"

சம்பந்தியம்மாவிடம் பெரியவளே பேசினாள். அவர் முதலில் அப்படியா என்று இழுத்தாராம். மாப்பிள்ளைதான் பக்கத்திலிருந்து, "யாரு கழுவுனா என்னம்மா? நான் வார்டுல எத்தனை பேருக்குக் கழுவுறேன். அவங்க எல்லாம் எனக்கு மோதிரமா குடுத்தாங்க?" என்றாராம். எனக்கு அந்த மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் முழுதாகப் பிடித்தது.

கல்யாணம் புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில். சின்னவள் என்ன உடுத்துவது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. அக்கா பாவாடை தாவணி என்றாள், சின்னவள் பேண்ட் என்றாள். மனைவிதான் முடித்தாள். "எதப் போட்டா குனிஞ்சி நிமிர முடியுமோ அதப் போடு." கடைசியில் பச்சைப் பட்டில் பஞ்சாபி சுடிதார் ஒன்று தைத்தோம். கல்யாணத்தன்று சின்னவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள், முடிச்சைப் பார்த்தேன். என் முடிச்சுதான்.

மேளம் கேட்டது. மாப்பிள்ளை கார் வந்து நின்றது. குருக்கள் மைக்கில், "பொண்ணோட சகோதரன் முன்னால வரவும்" என்றார். சின்னவள் செம்போடு முன்னால் வந்தாள். குருக்கள் அவளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே புது ஜிப்பாவில் அக்கா மகன் நின்றிருந்தான். குருக்கள் அவனைக் கையால் கூப்பிட்டார். அவன் போனை உயர்த்திக் காட்டினான், வீடியோ எடுக்கிறேன் என்று. குருக்களுக்குக் குழப்பம்.

"தம்பி எங்கம்மா?" என்று சின்னவளைக் கேட்டார்.

கூட்டத்தில் யாரோ, "பையன் இல்லல்ல, அதான்" என்றார்கள். சின்னவள் செம்பை இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வதற்கு என்று எனக்கே தெரியாது. அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து அந்தத் தோட்டத்துக் குரல் வந்தது. மைக் தேவைப்படவில்லை.

"சாமி, இந்த வீட்டு மச்சான் இதுதான். நல்ல நேரம் போவுது, நீங்க மந்திரத்தச் சொல்லுங்க லா."

குருக்கள் மந்திரத்தைச் சொன்னார்.

சின்னவள் மாப்பிள்ளை நின்ற மணை முன்னால் உட்கார்ந்து, செம்பைத் தாழ வைத்து, தெறிக்காமல் தண்ணீர் ஊற்றினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால் என்று ஒரு காலை முடித்து மறு காலுக்குப் போனாள். மாப்பிள்ளைக்குக் கூச்சம். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

"போதும்மா, போதும்" என்றார் குருக்கள். "சும்மா ஊத்தினாப் போதும்."

"இருங்க சாமி, இங்க மண்ணு இருக்கு."

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் சம்பந்தியம்மா வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். சந்தனம் பூசி, மாலை போட்டு, சின்னவள் கையை நீட்டினாள். மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டுவிட்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே மேடைக்கு நடந்தார். மேடைமேல் பெரியவள் தலை குனிந்திருக்க வேண்டியவள், வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணம் முடிந்து, சாப்பாடு முடிந்து, பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. பெண்ணைக் காரில் ஏற்றி, மாப்பிள்ளை வீடுவரை கூடப் போய்விட்டு வருவதும் மச்சான் வேலைதான். சின்னவள் அக்காவின் சேலைக் கொசுவத்தை அள்ளிப் பிடித்துக் காருக்குள் விட்டாள். மாலை நசுங்காமல் சரிசெய்தாள். கதவை இழுத்துச் சாத்தி, சேலை சிக்கியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு வாரேன்" என்றாள் கண்ணாடியை இறக்கி. "லோரிய எடுக்காதீங்க, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு."

"சரிம்மா" என்றேன். இந்தத் தடவை நிஜமான சரி.

கார் திரும்பி மெயின் ரோட்டில் ஏறியது. மனைவி கையை ஆட்டிக்கொண்டு திடமாக நின்றாள். நான் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைப்பதுபோல் நாசூக்காக இல்லை. மூன்று வயதில் என் அக்கா கல்யாணத்தில் எப்படி அழுதேனோ தெரியாது, அநேகமாக அப்படித்தான் இருக்கும். பெண்ணைப் பெற்றவள் அழலாம், ஆம்பளை அழலாமா என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற பெரியக்கா தன் சேலைத் தலைப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நல்லா அழு" என்றாள். "மூக்க மட்டும் தொடைச்சிக்க. என் மவன் இன்னும் வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கான்."